இரண்டு ஷாப்ட்டையும் மாற்றிவிட்டேன், மரகதம்

என் அருமைத் தங்கை மரகதத்துக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. பத்திரிகையில் உன் படத்தைப் போடுகிறோம், கீழே நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நானும் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். "ஏழைகளின் தெய்வம்" என்று ஒரு வரி வந்தது. நீ படித்திருந்தால் காகிதத்தைக் கசக்கி என் மேலேயே எறிந்திருப்பாய். அந்தச் சிரமம் உனக்கு வேண்டாமென்று நானே கசக்கிவிட்டேன். உன்னிடம் சொல்ல எனக்கு ஒரு செய்தி இருக்கிறது. அது நாலு வரியில் அடங்காது. உன்னைத் தெரிந்தவர்களும் கூடவே படிக்கட்டும்.

செய்தி இதுதான். உன் ஜீப் ஓடுகிறது. இரண்டு ஷாப்ட்டையும் மாற்றியாகிவிட்டது. மாற்றியவன் நான்.

நம்பமாட்டாய், தெரியும். எனக்கே சந்தேகம் வந்து அவ்வப்போது கொட்டகைக்குப் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வருகிறேன்.

படிக்கிற மற்றவர்கள் குழம்பக் கூடாது என்பதற்காக உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நீ டாக்டருக்குப் படித்தவள். சண்டை முடிந்து பட்டாளத்து ஜீப்புகளை ஏலம் விட்டபோது ஒன்றை வாங்கி வந்து, ஜவ்வாது மலையடி ஊர்களுக்கு வைத்தியம் பார்க்கப் போய்க்கொண்டிருந்தாய். நான் தாலுகா ஆபீஸில் நில அளவைப் படம் வரைந்து ஓய்வு பெற்றவன். அந்த ஊர்களுக்குப் போகிற வழியில் உள்ள ஓடையைப் படத்தில் நீல மையால் வரைந்தவன் நான். அதில் கால் நனைத்தவள் நீ.

அந்த ஓடையில்தான் போன வருஷத்து மழையில் வண்டி பாறையில் இடித்தது. எஞ்சினின் சுழற்சியை முன் சக்கரங்களுக்கு ஒன்றும் பின் சக்கரங்களுக்கு ஒன்றுமாக இரண்டு இரும்புத் தண்டுகள் கொண்டுபோகின்றன. அவைதான் ஷாப்ட். பின் ஷாப்ட் வளைந்துபோயிற்று. முன் ஷாப்ட்டின் மூட்டு ஏற்கெனவே தேய்ந்து கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. "ரெண்டையும் மாத்தணும்ணா" என்று சொன்னாய். அதற்குள் மார்வலி முந்திக்கொண்டது.

ஜீப் கொட்டகையிலேயே நின்றது. விலைக்குக் கேட்டு நாலைந்து பேர் வந்தார்கள். நான் தருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. என் வழக்கம் உனக்குத் தெரியாதா?

புரட்டாசியில் ஒரு காலை லூர்து வந்தாள். உன்னோடு அத்தனை வருஷம் வேலை பார்த்த நர்ஸ், இப்போது தனியாகவே பை தூக்கிக்கொண்டு நடந்து போய் வருகிறாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச்சை ஆரம்பித்துவிட்டாள்.

"அய்யா, பொன்னிக்கு மறுபடியும் நாள் நெருங்குது. ஐப்பசிக் கடைசி."

பொன்னியை உனக்கு நினைவிருக்கும். முதல் பிரசவத்துக்கு டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். ஓடையில் வெள்ளம். கரையிலேயே குழந்தை போயிற்று, தாயை நீ எப்படியோ மீட்டாய். அடுத்தது ஆஸ்பத்திரியில்தான், வயிற்றைக் கீறித்தான் எடுக்க வேண்டும் என்று அன்றைக்கே சொன்னாய்.

"மழை இறங்கறதுக்குள்ள அவளைக் கீழ கொண்டாந்துடணும் அய்யா. காலெல்லாம் வீங்கிக் கெடக்கு, நடக்க முடியாது. போன தடவை டோலி தூக்கினவங்க இந்தத் தடவை மாட்டேன்றாங்க. வழியில ஏதாவது ஆச்சின்னா பழி எங்க மேலன்னு பயப்படறாங்க. மாட்டுவண்டி அந்தப் பாறையில ஏறாது."

"வேற ஜீப் ஏதாவது..."

"கேட்டேன். அந்தப் பாதைன்னு சொன்னதும் கையெடுத்துக் கும்பிடறாங்க. நம்ம வண்டிக்கு ஷாப்ட்தானே கெட்டுப்போச்சி? மாத்திக் குடுங்க."

"நானா?"

"வேற யாரு? இந்த வீட்ல நீங்களும் அம்மாவும்தான் இருக்கீங்க. அம்மாவ மாத்தச் சொல்லட்டுமா?"

உள்ளேயிருந்து உன் அண்ணி தனம் சிரித்தது கேட்டது. நான் சிரிக்கவில்லை. அன்று முழுவதும் சாப்பாடு இறங்கவில்லை. நான் மறுத்தால் என்ன ஆகும் என்பது படம் வரைந்தது போலத் தெளிவாகத் தெரிந்தது. அதே ஓடை, அதே கரை. சரி என்று சொல்லிச் செய்ய முடியாமல் போனால் இன்னும் மோசம், நம்பிக் காத்திருப்பார்கள். நீயாக இருந்தால் இவ்வளவு யோசித்திருப்பாயா?

மறுநாள் குடையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் காதர் பாய் பட்டறைக்குப் போனேன்.

"சார், தீபம் வருது. பஸ்ஸுங்க வரிசையா நிக்குது பாருங்க. கார்த்திகை முடியட்டும்" என்றார் பாய். "ஷாப்ட் வேணும்னா இருக்குது. இதே மாதிரி ஒரு பட்டாளத்து ஜீப்ப ஒடைச்சப்ப எடுத்து வெச்சது. பழசுதான், ஆனா நேரா இருக்கும். மாட்றது யாரு?"

"நான்தான்."

பாய் என் கண்ணாடியையும் குடையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கீழ படுக்கறப்ப கண்ணாடிய கழட்டிடுங்க சார். ஏதாவது விழும்."

"கழட்டினா போல்ட்டே தெரியாது பாய்."

"அப்ப போட்டுக்கிட்டே படுங்க. ஆண்டவன் இருக்கான்."

இரண்டு ஷாப்ட்டையும் சாக்கில் சுற்றி ஜட்காவில் ஏற்றிக் கொண்டுவந்தேன்.

எனக்குத் தைரியம் இல்லாத இடத்தில் ஒழுங்கு இருக்கிறது. அதை வைத்துத்தான் ஆரம்பித்தேன். கழற்றுவதற்கு முன் அடியில் படுத்து, எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று ஒரு படம் வரைந்தேன். ஸ்பானர்களை அளவு வாரியாகத் துணியில் அடுக்கினேன். கை பிரேக்கை இழுத்துப் போட்டேன். அது போதாதென்று நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கருங்கல் வைத்தேன். தனம் வந்து பார்த்துவிட்டு, "வண்டி என்னா மலை மேலயா நிக்குது?" என்றாள். பிறகு ஒரு கூடை வேர்க்கடலையைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தாள். நான் அடியில் இருக்கும்வரை அவளும் அங்கேயே இருப்பதாக ஏற்பாடு. வெளியே தெரிந்தது என் இரண்டு பாதங்கள் மட்டும்தான். பக்கத்து வீட்டுக் குருக்கள் கோவிலுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தார்.

"என்ன சபாபதி, ஜீப்புக்கு அங்கப்பிரதட்சணமா?"

"வேண்டுதல் ஸ்வாமி" என்றேன். பொய் இல்லையே.

பின் ஷாப்ட்டின் கடைசி போல்ட் கழன்றபோது வண்டி நகர்ந்தது, மரகதம். என் மார்புக்கு மேலே அந்த இரும்பு மொத்தமும் மெல்ல உருண்டு, கல்லில் முட்டி நின்றது. வெளியே ஊர்ந்து வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம்தான் புரிந்தது. இந்த வண்டியில் கை பிரேக் பிடிப்பது சக்கரத்தை அல்ல, அந்தப் பின் ஷாப்ட்டைத்தான். ஷாப்ட் கழன்றால் பிரேக்குக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. அறுபது வயது தாண்டிய என் பயம் எனக்கு நேரடியாக உதவி செய்த நாள் அது. தனம் கடலையைக் கீழே போட்டுவிட்டு, "போதும், விட்டுடுங்க" என்றாள். நான் இன்னும் இரண்டு கல் கேட்டேன்.

மூட்டுகளின் உள்ளே ஊசி ஊசியாக உருளைகள் இருக்கின்றன. கழற்றினால் கொட்டிவிடும் என்று பாய் எச்சரித்திருந்தார். அதனால் அடியில் முறத்தை வைத்து, மூட்டின் மூடிகளைப் பூக்கட்டும் வாழைநாரால் கட்டியே இறக்கினேன். ஒன்றுகூடச் சிந்தவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. ஷாப்ட் என்பது ஒரே தண்டு இல்லை. ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளவும் குறுகவும் வசதியான இரண்டு துண்டு. வெளிமுனை ஒவ்வொன்றிலும் கவட்டை போல ஒரு பிடி. பாய் தந்த ஷாப்ட்டுகளில் பழைய கிரீஸ் கல்லாக இறுகியிருந்தது. பிரித்துக் கழுவ வேண்டும், எப்படி இருந்ததோ அப்படியே சேர்க்க வேண்டும். ஏன் என்று தெரியாது, ஆனால் எதையும் இருந்தபடியே வைப்பது என் சுபாவம். கையில் பெயின்ட் இல்லை. குங்குமத்தை எண்ணெயில் குழைத்து, பின் ஷாப்ட்டின் இரண்டு துண்டும் சேருகிற இடத்தில் அந்தப் பக்கம் ஒரு பொட்டு, இந்தப் பக்கம் ஒரு பொட்டு வைத்தேன். முன் ஷாப்ட்டை அன்றைக்கே கழுவிச் சேர்த்துவிட்டேன். பின் ஷாப்ட் பிரித்தபடி கிடந்தது.

மறுநாள் ஆயுத பூஜை. நான் கிரீஸ் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது ஸ்பானர், ஜாக்கி, சுத்தியல், ஷாப்ட் துண்டுகள் எல்லாம் துடைத்துச் சுத்தமாக, சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக இருந்தன. தனம் பொரி கடலை வைத்துச் சூடம் ஏற்றினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்கும் இந்த வேலையில் நம்பிக்கை வந்துவிட்டதே என்று. பூஜை முடிந்ததும் பொட்டுக்கு நேர் பொட்டு வைத்து ஷாப்ட்டைச் சேர்த்தேன். கிரீஸ் அடித்தேன். இரண்டையும் தூக்கிப் பொருத்தி போல்ட் முடுக்கினேன்.

சோதனைக்கு மலை சுற்றும் பாதையில் கிளம்பினேன். நீதானே மைதானத்தில் வைத்து எனக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தாய், ஊரே கூடிச் சிரித்தது. அதற்குப் பிறகு நான் தனியாக ஓட்டுவது இதுதான் முதல் தடவை. லூர்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மெதுவாகப் போகும்வரை ஒன்றுமில்லை. அடி அண்ணாமலை நெருங்கும்போது கொஞ்சம் வேகம் கூட்டினேன். வண்டி முழுக்க உதறத் தொடங்கியது. கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. "நிறுத்துங்க அய்யா, நிறுத்துங்க" என்றாள் லூர்து. இறங்கி நின்றோம். அவள் பாதையோரம் போய்த் திரும்பி நின்றுகொண்டாள். அது திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஊர்ந்து ஊர்ந்து பட்டறைக்கு ஓட்டிப் போனேன். பாய் ஒரு பஸ்ஸின் அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டிக் கேட்டார்.

"வேகத்துல ஜாஸ்தியா? மெதுவா போனா கம்மியா?"

"ஆமாம்."

"கியர் பெட்டி போச்சி சார். வேலூர் அனுப்பணும். ஒரு மாசம் ஆவும்."

ஒரு மாசம் என்றால் மழை, ஓடை, பொன்னி எல்லாம் முடிந்துவிடும். வீட்டுக்கு வந்து உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். தொழிலில் பழுத்தவர் சொல்கிறார், நான் யார் மறுக்க? ஆனால் ஒரு கேள்வி விடவில்லை. ஷாப்ட்டை மாற்றுவதற்கு முன் நன்றாக இருந்த கியர் பெட்டி, மாற்றிய பின் எப்படிக் கெட்டது? நான் தொட்டது ஷாப்ட்டை. தப்பு இருந்தால் நான் தொட்ட இடத்தில்தான் இருக்க வேண்டும். என் மேல் எனக்கு இருக்கும் சந்தேகம் அன்றைக்குச் சரியான திசையைக் காட்டியது.

காகிதத்தை எடுத்து வட்டம் போட்டேன். சாய்வாக நிற்கும் ஒரு மூட்டு சுழலும்போது சீராகச் சுழலாது, ஒரு சுற்றுக்குள்ளேயே வேகம் கூடும், குறையும். கோணங்களை அளந்து குறித்தபோது அது தெரிந்தது. அப்படியானால் எல்லா ஜீப்பும் உதற வேண்டுமே? இரண்டாவது மூட்டு, முதலாவது செய்த கோளாறை நேர் செய்கிறது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை. இரண்டு முனையிலும் உள்ள கவட்டைகள் ஒரே வாக்கில் நிற்க வேண்டும். கொஞ்சம் திரும்பியிருந்தாலும் கோளாறு அடங்காது, கூடும்.

மறுநாள் காலை கற்களை அடுக்கிவிட்டு மறுபடி அடியில் போனேன். பின் ஷாப்ட்டைக் கழற்றித் தரையில் வைத்தேன். ஒரு பக்கக் கவட்டை தட்டையாகப் படுத்திருந்தது. மறுபக்கம் சற்றே தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"பொட்டுக்கு நேராத்தானே வெச்சேன்" என்று நான் முனகியது தனத்துக்குக் கேட்டுவிட்டது.

"எந்தப் பொட்டு?"

"நான் வெச்ச பொட்டு."

"அத நான் துடைச்சிட்டேனே. ரெண்டு துண்டுக்கு மட்டும் பொட்டு வெச்சிட்டு மத்ததெல்லாம் மூளியா விட்டிருந்தீங்க. எண்ணெய் வேற வழிஞ்சிருந்திச்சி. எல்லாத்தையும் துடைச்சி, அழகா எங்க தெரியுமோ அங்க நான்தான் வெச்சேன்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு இருவரும் கொட்டகையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். நீ போன பிறகு இந்த வீட்டில் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். சாமிக்கு வைத்ததைக் கணக்குக்கு வைத்ததென்று நம்பியது என் தப்பா, கணக்குக்கு வைத்ததைச் சாமிக்கென்று நினைத்தது அவள் தப்பா? குங்குமத்தை எடுத்ததே தப்பு என்று முடிவு செய்தோம்.

கவட்டைகளை ஒரே வாக்கில் நிறுத்திச் சேர்த்தேன். இந்தத் தடவை உளியால் கோடு வெட்டினேன். உளிக்கோட்டை யாரும் துடைக்க முடியாது. மறுபடி அடி அண்ணாமலை வரை ஓட்டினேன். அதே இடம், அதே வேகம். உதறல் இல்லை. லூர்து "இன்னும் கொஞ்சம் வேகமா போங்க அய்யா" என்றாள். போனேன்.

காதர் பாயிடம் போய்ச் சொன்னேன். என் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "வட்டம் நல்லாருக்குது சார். கியர் பெட்டி மேல தப்பா பழி போட்டுட்டேன்" என்று கிரீஸ் கையாலேயே சலாம் வைத்தார்.

ஐப்பசி பிறந்து வானம் கறுத்துக்கொண்டு வந்த ஒரு காலை, லூர்தும் நானும் செங்கம் பாதையில் கிளம்பினோம். மண் பாதை திரும்பி ஓடை வந்தது. நான் நிறுத்தி, வேட்டியை மடித்துக் கட்டி, குச்சியோடு ஓடையில் இறங்கி எங்கே பாறை, எங்கே மணல் என்று தடவிப் பார்த்தேன்.

"டாக்டரம்மா ஒரு நாளும் எறங்கிப் பார்த்ததில்ல அய்யா" என்றாள் லூர்து.

"அதனாலதான் ஷாப்ட் வளைஞ்சிது."

கோபித்துக்கொள்ளாதே, மரகதம். வாயில் வந்துவிட்டது.

முன் சக்கரங்களையும் இழுக்க வைக்கும் லீவரைத் தள்ளினேன். நாலு சக்கரமும் பிடித்து வண்டி பாறையில் ஏறியது. இரண்டு ஷாப்ட்டும் சுழலும் சத்தம் காலடியில் கேட்டது. நான் போட்ட போல்ட்டுகள் என் காலுக்குக் கீழே தாங்கிக்கொண்டிருந்தன.

பொன்னியின் வீட்டு வாசலில் அவள் புருஷன் மாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"டாக்டரம்மா இல்லாத வண்டி. அதுல எப்படி ஏத்தறது?"

லூர்து பதில் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் என்னையே பார்த்தாள்.

"என் தங்கச்சி வேகமா ஓட்டுவா. நான் மெதுவா ஓட்டுவேன். வித்தியாசம் அவ்ளோதாம்பா. வண்டிய நானே என் கையால பிரிச்சிச் சேர்த்திருக்கேன். நீயும் பின்னாடி ஏறி உட்காரு. எனக்கு பயமா இருந்தா நிறுத்திடுவேன், ஆனா திரும்ப மாட்டேன்."

அவன் பொன்னியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து முன் இருக்கையில் உட்கார வைத்தான். திரும்பும்போது தூறல் பிடித்துக்கொண்டது. ஓடையில் தண்ணீர் முழங்காலுக்கு ஏறியிருந்தது. கரையில் ஒரு கணம் நிறுத்தினேன்.

"அய்யா, பயமா இருக்குதா உங்களுக்கு?" என்றாள் பொன்னி மெல்ல.

"எப்பவும் இருக்கும்மா. நீ கெட்டியா பிடிச்சிக்கோ."

இறக்கினேன். தண்ணீர் தரைப்பலகையில் புகுந்தது. நடு ஓடையில் ஒரு சக்கரம் வழுக்கிச் சுழன்று, பிறகு மற்றவை இழுத்துக்கொண்டன. கரையேறியபோது பின்னால் மாரி அழுதுகொண்டிருந்தான். அவன் எந்தக் குழந்தையை நினைத்து அழுதான் என்று எனக்குத் தெரியும். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் அந்த ஓடையில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் போனது. நீ சொன்னபடியே ஆஸ்பத்திரியில் பொன்னிக்கு வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. இருவரும் சுகம்.

மழை விட்டு மார்கழியில் அவர்களைக் கொண்டுபோய் விட்டேன். அதோடு முடிந்தது, வண்டியைக் கொட்டகையில் நிறுத்திச் சாக்குப் போட்டு மூடிவிடலாம் என்றுதான் மனசுக்குள் நினைத்திருந்தேன். குழந்தையை இறக்கிவிட்டுத் திரும்பும்போது மாரி வண்டியில் கை வைத்துக்கொண்டு கேட்டான்.

"மேல ஒரு பெரியம்மாவுக்குக் கண்ணு தெரியல அய்யா. கீழ கூட்டிட்டுப் போவணும். இன்னொரு வீட்ல ஒரு பையன் கால ஒடிச்சிக்கிட்டு கெடக்கறான். எந்தக் கிழமை வர்றீங்க?"

வர முடியுமா என்று அவன் கேட்கவில்லை. உன்னிடம் கேட்பதைப் போலவே கிழமையைத்தான் கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வெள்ளிக்கிழமை என்று வந்துவிட்டது.

போய் வந்தேன். அடுத்த வெள்ளியும் போனேன். இப்போது லூர்து மூன்று வாரத்துக்கு ஆட்களைச் சொல்லி வைத்திருக்கிறாள். முதல் நாள் வியாழக்கிழமை எனக்கு இன்னும் சோறு இறங்குவதில்லை. உனக்கும் அப்படி இருந்ததா? என்னிடம் சொல்லாமல் மறைத்துவிட்டுத்தான் போனாயா? கேட்காமல் விட்டுவிட்டேன்.

கண் தெரிகிறவரை நான் போவேன், மரகதம். மாலை மங்கி எதிரில் வருவது மாடா மனிதனா என்று எனக்குக் குழம்புகிற நாளில், ஓட்டத் தெரிந்த ஒருவர் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வழி சொல்வேன். வண்டி நிற்காது. நாளைக்கு வெள்ளிக்கிழமை. பயமாகத்தான் இருக்கிறது. விடிந்ததும் கிளம்புகிறேன்.

என்றும் உன் அண்ணன்,
சபாபதி